நாடாளுமன்றத்தைக் கேட்காமல் பிரிய முடியுமா? பிரெக்சிட் சொல்லும் பாடம்

2019 ஜனவரி 15, செவ்வாய்க்கிழமை இரவு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் பிரிட்டிஷ் மக்கள் சபையில் ஓட்டெடுப்பு மணி அடித்தது. அந்தச் சபையில் உறுப்பினர்கள் பொத்தானை அழுத்தி ஓட்டுப் போடுவது வழக்கமில்லை. 'ஆம்' என்பவர்கள் ஒரு கூடத்தின் வழியாகவும், 'இல்லை' என்பவர்கள் இன்னொரு கூடத்தின் வழியாகவும் நடந்து போவார்கள். வாசலில் நிற்பவர்கள் தலைகளை எண்ணுவார்கள்.

அன்று எண்ணி முடித்தபோது 'ஆம்' 202, 'இல்லை' 432. பிரதமர் தெரசா மே ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பேசிக் கொண்டுவந்த ஒப்பந்தம் 230 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. 1924-இல் ஓர் அரசு 166 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தது. அந்தப் பழைய சாதனையும் அன்றோடு முறிந்தது!

இதில் ஒரு விசித்திரம் உண்டு. முதலில் இந்த விஷயத்தில் நாடாளுமன்றத்தைக் கேட்கவே வேண்டியதில்லை என்றுதான் அதே தெரசா மே அரசு வாதாடியது. கேட்க வேண்டும் என்று சொன்னது நீதிமன்றம். ஒரு நாடு ஒரு பன்னாட்டு ஒன்றியத்தை விட்டு விலகும்போது கடைசி வார்த்தை யாருடையது? மக்களுடையதா, அரசாங்கத்துடையதா, நாடாளுமன்றத்துடையதா? பிரிட்டனுக்கு இந்தக் கேள்வியைத் தீர்க்க மூன்றரை ஆண்டுகள், மூன்று பிரதமர்கள், இரண்டு பொதுத்தேர்தல்கள் தேவைப்பட்டன.

நுழைந்த கதை

பிரிந்த கதையைப் புரிந்துகொள்ள, சேர்ந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அப்போது பிரதமர் எட்வர்ட் ஹீத். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டது மட்டும் போதவில்லை. ஐரோப்பியச் சட்டங்கள் பிரிட்டனுக்குள் செல்லுபடியாக வேண்டுமென்றால் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டும். அதுதான் 1972-ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூகங்கள் சட்டம். 1972 பிப்ரவரி 17 அன்று நடந்த இரண்டாம் வாசிப்பில் அந்த மசோதா 309-க்கு 301 என்று வெறும் 8 ஓட்டில்தான் தப்பித்தது.

ஏன் தனிச்சட்டம் வேண்டும்? பிரிட்டனில் வெளிநாடுகளோடு ஒப்பந்தம் செய்வது ஒரு காலத்தில் மன்னரின் அதிகாரம். இன்று மன்னரின் பெயரால் அமைச்சர்கள் அதைச் செய்கிறார்கள். இதற்கு 'அரச தனியுரிமை' என்று பெயர். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசாங்கம் பயன்படுத்தக்கூடிய பழைய அதிகாரங்களின் மிச்சம் இது. ஆனால் இதற்கு ஒரு வேலி உண்டு. ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும், அதனால் மட்டுமே உள்நாட்டுச் சட்டம் மாறாது. உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். மன்னருக்குச் சட்டம் அனுமதிக்கும் தனியுரிமை மட்டுமே உண்டு என்று 1610-லேயே எட்வர்ட் கோக் என்ற நீதிபதி முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு எதிராகச் சொல்லியிருந்தார். 1689-இன் உரிமைச் சட்டமும், நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் மன்னர் சட்டங்களை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதி வைத்தது.

நானூறு ஆண்டுப் பழைய இந்தச் சண்டைதான் 2016-இல் புது உடையில் திரும்பி வந்தது.

மக்கள் சொன்னதும் சொல்லாததும்

2016 ஜூன் 23 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. ஒன்றியத்தில் இருக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்பது கேள்வி. விலக வேண்டும் என்றவர்கள் 51.9 சதவீதம், இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1 சதவீதம். ஏறத்தாழ 1 கோடியே 74 லட்சம் பேர் விலகச் சொன்னார்கள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இருக்கச் சொன்னவர்களே அதிகம். மறுநாளே பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகலை அறிவித்தார். ஜூலை 13-இல் தெரசா மே பிரதமரானார்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வாக்கெடுப்புக்காக 2015-இல் இயற்றப்பட்ட சட்டம், முடிவு வந்த பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. சட்டப்படி பார்த்தால் அது ஓர் ஆலோசனை மட்டுமே. இரண்டு, மக்களிடம் 'விலகலாமா' என்று கேட்டார்களே தவிர, 'எப்படி விலகலாம்' என்று கேட்கவில்லை. சுங்கவரி ஒன்றியத்தில் தொடர்வதா? ஒற்றைச் சந்தையிலிருந்தும் வெளியேறுவதா? ஒப்பந்தமே இல்லாமல் போவதா? இந்தக் கேள்விகள் எதுவும் வாக்குச்சீட்டில் இல்லை.

அரசியல் ரீதியாக மக்கள் தீர்ப்பை மீறும் துணிச்சல் யாருக்கும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒன்றியத்தில் இருக்கவே விரும்பியவர்கள் என்பது இன்னொரு சிக்கல். மக்கள் ஒரு பக்கம், மக்களின் பிரதிநிதிகள் மறுபக்கம்!

விட்ட அம்பு

விலகுவதற்கான வழி லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50-ஆவது பிரிவில் இருக்கிறது. ஓர் உறுப்பு நாடு தன் சொந்த அரசியலமைப்பு முறைப்படி விலக முடிவு செய்யலாம் என்கிறது அது. முடிவை ஒன்றியத்துக்கு அறிவித்தால் இரண்டு ஆண்டு கெடு தொடங்கிவிடும். அதற்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டாலும், கெடு நீட்டிக்கப்படாவிட்டாலும் அந்த நாடு தானாகவே வெளியே.

'தன் சொந்த அரசியலமைப்பு முறைப்படி' என்றால் என்ன? ஒரே நூலாக எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் இல்லாத நாடு பிரிட்டன். 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, புதிய ஒப்பந்தங்களை உறுதி செய்யும் முன் நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒப்பந்தத்திலிருந்து விலகுவதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. எனவே அரச தனியுரிமையின்படி தாங்களே கடிதம் அனுப்பிவிடலாம் என்று அரசு முடிவு செய்தது. 2017 மார்ச் முடிவதற்குள் அனுப்புவோம் என்றும் அறிவித்தது.

கயானாவில் பிறந்து பிரிட்டனில் வாழும் ஜினா மில்லர் என்ற தொழில்முனைவோரும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களது வாதம் எளிமையானது. 50-ஆவது பிரிவின்படி கடிதம் கொடுப்பது வில்லிலிருந்து அம்பை விடுவது போல. விட்டால் திரும்பாது. இரண்டு ஆண்டுகளில் 1972 சட்டம் மக்களுக்குத் தந்த உரிமைகள் போய்விடும். நாடாளுமன்றம் தந்த உரிமையை நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சர் எப்படிப் பறிக்கலாம்?

2016 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் மில்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மறுநாள் ஒரு நாளிதழ் மூவரின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்று தலைப்பிட்டது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றில் முதல்முறையாக 11 நீதிபதிகளும் சேர்ந்து ஒரே வழக்கைக் கேட்டார்கள். 2017 ஜனவரி 24-இல் 8-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: சட்டம் இயற்றாமல் விலகல் கடிதம் அனுப்பக் கூடாது.

மறுத்த மூன்று நீதிபதிகளின் வாதமும் ஒதுக்கிவிடக் கூடியதல்ல. ஒப்பந்தம் இருக்கும்வரை அதற்குச் செயல் வடிவம் கொடு என்றுதான் 1972 சட்டம் சொல்கிறது, ஒப்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை என்பது அவர்கள் கருத்து. பெரும்பான்மை நீதிபதிகளோ, நாட்டின் சட்டத்துக்கான ஓர் ஊற்றையே அடைக்கும் அளவுக்குப் பெரிய மாற்றம் இது, அமைச்சரின் கடிதத்தால் செய்யக் கூடியதல்ல என்றார்கள். விலகலாமா வேண்டாமா என்பதைப் பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது.

அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சட்டசபைகளின் சம்மதம் சட்டப்படி கட்டாயமில்லை என்று 11 பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் கேட்பது வழக்கம், சட்டமல்ல என்பது அதன் பொருள்.

137 சொற்கள்

இவ்வளவு போராடிப் பெற்ற உரிமையை நாடாளுமன்றம் எப்படிப் பயன்படுத்தியது? அரசு ஒரு குட்டி மசோதாவைக் கொண்டுவந்தது. இரண்டே பிரிவுகள், மொத்தம் 137 சொற்கள். 2017 பிப்ரவரி 1 அன்று இரண்டாம் வாசிப்பில் 498-க்கு 114 என்ற கணக்கில் நிறைவேறியது. பிரபுக்கள் சபை இரண்டு திருத்தங்களைச் சேர்த்தது. பிரிட்டனில் வாழும் ஐரோப்பியர்களின் உரிமையைக் காக்க வேண்டும் என்பது ஒன்று. இறுதி ஒப்பந்தத்தின் மீது நாடாளுமன்றத்துக்கு ஓட்டு வேண்டும் என்பது மற்றொன்று. மார்ச் 13-இல் மக்கள் சபை இரண்டையும் நீக்கிவிட்டது. மார்ச் 29-இல் கடிதம் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர்ந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அதாவது, கேட்கும் உரிமை கிடைத்த உடனே நிபந்தனை எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது சபை. பின்னால் வந்த குழப்பத்தின் விதை இங்கேதான் இருக்கிறது.

2017 ஜூன் 8 தேர்தலில் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சியின் 10 உறுப்பினர்கள் தயவில் அரசு நடந்தது. இப்போது சபைக்குப் பலம் வந்தது. ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த டொமினிக் கிரீவ் கொண்டுவந்த திருத்தம் 2017 டிசம்பர் 13 அன்று 309-க்கு 305 என்று நான்கே ஓட்டில் நிறைவேறியது. அதன் பலன் 2018 சட்டத்தின் 13-ஆவது பிரிவில் வந்தது: விலகல் ஒப்பந்தத்தை மக்கள் சபை ஓட்டுப் போட்டு ஏற்காமல் அரசு உறுதி செய்ய முடியாது. ஒன்பது மாதம் முன்பு தூக்கி எறிந்ததை நான்கு ஓட்டில் திரும்பப் பெற்றார்கள்.

எல்லாவற்றுக்கும் 'இல்லை'

2018 நவம்பரில் ஒப்பந்தம் தயாரானது. இடறிய இடம் அயர்லாந்து எல்லை. 1998 பெருவெள்ளி உடன்பாட்டுக்குப் பின் அமைதியாக இருக்கும் அந்த எல்லையில் மீண்டும் சோதனைச் சாவடி வரக்கூடாது. அதற்காக, வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. விலக விரும்பியவர்கள் இது விலங்கு என்றார்கள். இருக்க விரும்பியவர்கள், இதற்குப் பேசாமல் உள்ளேயே இருந்திருக்கலாமே என்றார்கள். எதிரெதிர் காரணங்களுக்காக இருவரும் ஒரே கூடத்தின் வழியாக நடந்தார்கள். அதனால்தான் 432!

மார்ச் 12-இல் மீண்டும் ஓட்டு. 391-க்கு 242 என்று தோல்வி. மூன்றாம் முறை கொண்டுவர முயன்றபோது சபாநாயகர் ஜான் பெர்கோவ் குறுக்கிட்டார். ஒரே தீர்மானத்தை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று 1604 வரை பின்னோக்கிப் போகும் மரபைக் காட்டினார். ஒப்பந்தத்தின் ஒரு பகுதியை மட்டும் வைத்து மார்ச் 29-இல் மீண்டும் முயன்றார்கள். 344-க்கு 286, மூன்றாவது தோல்வி.

அப்படியென்றால் சபைக்கு என்னதான் வேண்டும்? அதையும் கேட்டுப் பார்த்தார்கள். உறுப்பினர்கள் சபையின் நிகழ்ச்சி நிரலை அரசின் கையிலிருந்து தாங்களே எடுத்துக்கொண்டு, மார்ச் 27 அன்று எட்டு வழிகள் மீது ஓட்டெடுத்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1-இல் நான்கு வழிகள். நான்கும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் இருக்கலாம் என்ற யோசனை 276-க்கு 273 என்று மூன்றே ஓட்டில் போனது. மறுப்பதற்குப் பெரும்பான்மை இருந்தது, ஏற்பதற்கு இல்லை.

அதற்குள் விட்ட அம்பைப் பற்றியும் ஒரு செய்தி வந்திருந்தது. விலகல் கடிதத்தைப் பிரிட்டன் தானாகவே திரும்பப் பெறலாம் என்று 2018 டிசம்பர் 10-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்பு திரும்பும்! ஆனால் அதைத் திருப்பவும் சபையில் பெரும்பான்மை இல்லை. கெடு அக்டோபர் 31 வரை நீண்டது. மே மாதம் 24 அன்று தெரசா மே பதவி விலகலை அறிவித்தார்.

கதவைப் பூட்டினால்?

2019 ஜூலை 24-இல் பிரதமரான போரிஸ் ஜான்சன், ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்டோபர் 31-இல் விலகுவோம் என்றார். தடுக்கப் போவது நாடாளுமன்றம்தான் என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தொடரை ஐந்து வாரங்களுக்கு முடித்து வைக்கும்படி எலிசபெத் ராணிக்கு ஆலோசனை சொன்னார். ஆகஸ்ட் 28-இல் உத்தரவு வந்தது.

சபையும் சும்மா இருக்கவில்லை. பூட்டு விழும் முன்பே, ஒப்பந்தம் இல்லாவிட்டால் பிரதமர் கெடுநீட்டிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. கொறடா உத்தரவை மீறிய 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சிலின் பேரன் நிக்கோலஸ் சோம்ஸ்.

செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நியாயமான காரணம் எதுவும் இல்லாமல் நாடாளுமன்றத்தைத் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்தது சட்டவிரோதம், ஆகவே கூட்டத்தொடர் முடியவே இல்லை என்றார் தலைமை நீதிபதி பிரெண்டா ஹேல். மறுநாள் சபை மீண்டும் கூடியது. அக்டோபர் 19-இல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஜான்சன் கெடு கேட்டுக் கடிதம் அனுப்பினார், கையெழுத்துப் போடாமல்! கெடு 2020 ஜனவரி 31 வரை நீண்டது.

முடிவு வந்த விதம்

கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது மக்களிடம் மீண்டும் போனபோதுதான். 2019 டிசம்பர் 12 தேர்தலில் ஜான்சனின் கட்சி 365 இடங்கள் பெற்றது. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் இடையே கடலில் சோதனை என்று மாற்றிய அவரது ஒப்பந்தம், 2020 ஜனவரி 9-இல் 330-க்கு 231 என்று மக்கள் சபையில் நிறைவேறியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சட்டசபைகள் மூன்றும் சம்மதம் மறுத்தன. ஆனாலும் சட்டம் நிற்கவில்லை. ஜனவரி 29-இல் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 621-க்கு 49 என்று ஒப்புதல் கொடுத்தது. 50-ஆவது பிரிவின்படி அந்தச் சபையின் ஒப்புதலும் கட்டாயம். ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரிட்டன் வெளியேறியது.

பலர் கவனிக்காமல் விட்ட ஒன்று அந்த 2020 சட்டத்துக்குள் இருக்கிறது. கிரீவும் மற்றவர்களும் நான்கு ஓட்டில் வென்ற அந்த 13-ஆவது பிரிவை அது நீக்கிவிட்டது. நீக்கியது அரசனோ அமைச்சரோ அல்ல, நாடாளுமன்றமேதான்! அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, ஐரோப்பாவோடான எதிர்கால வர்த்தகத்தையே தீர்மானிக்கும் மிகப் பெரிய உடன்பாட்டுக்கான சட்டத்தை இரண்டு சபைகளும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தன. மக்கள் சபையில் 521-க்கு 73. பக்கங்களைப் புரட்டிப் பார்க்கவாவது நேரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

இந்த வரலாற்றைப் பார்த்து, நாடாளுமன்றம் மக்கள் தீர்ப்புக்குக் குறுக்கே நின்றது என்று சொல்பவர்கள் உண்டு. ஜனநாயகத்தைக் காத்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் பாதி உண்மை. விலகல் நடந்தே தீர்ந்தது, ஆனால் சட்டம் இல்லாமல், ஓட்டு இல்லாமல், பூட்டிய சபைக்கு வெளியே நடக்கவில்லை. அந்த அளவில் 1610-இன் வாதம் மறுபடியும் வென்றது.

ஆனால் நீதிமன்றத்தால் நாடாளுமன்றத்தின் கையில் பேனாவைக் கொடுக்கத்தான் முடிந்தது. என்ன எழுத வேண்டும் என்பதைச் சபைதான் முடிவு செய்ய வேண்டும். 2017 மார்ச்சில், கடிதம் போவதற்கு முன்பே, எந்த மாதிரியான விலகல் வேண்டும் என்று சபை நிபந்தனை எழுதியிருக்கலாம். அன்று கேட்காமல் விட்டதை, 2019-இல் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரவு இரவாக உட்கார்ந்து தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. தன்னைக் கேட்க வேண்டும் என்ற உரிமை ஒரு சபைக்கு இருந்தால் மட்டும் போதாது. கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதையும் அது முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.